சீன நாற்காலியில் ஓர் ஆணி

எங்கள் மீரான்பட்டினத்தில் முப்பத்தேழு நாள் ஒருவராலும் உட்கார முடியாமல் போனதே, அதற்குக் கடல்காற்று காரணம் என்றார்கள், கிணற்றுத் தண்ணீர் காரணம் என்றார்கள், கிழக்குத் தெருவில் யாரோ யாரையோ வயிறெரியப் பேசியது காரணம் என்றார்கள். உண்மையான காரணம் இரண்டு அங்குல இரும்பு ஆணி ஒன்று. அது உம்முசல்மா வீட்டுச் சீன நாற்காலியில் இருந்தது. அடித்த கொம்பையா ஆசாரிக்கும் அடிக்கச் சொன்ன உம்முசல்மாவுக்கும் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது. ஊர் என்றால் காரணம் தெரியாமல்தான் பேசும். தெரிந்துவிட்டால் பிறகு பேச என்ன இருக்கிறது?

எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான். தாய் மகளுக்குக் கொடுப்பாள், மகள் தன் மகளுக்குக் கொடுப்பாள், மாப்பிள்ளை பெட்டியோடு வந்து சேருவான். வந்தவன் மூன்று மாதமோ நான்கு மாதமோ இருப்பான், பிறகு பினாங்குக்கோ ரங்கூனுக்கோ கொழும்புக்கோ சபர் போய்விடுவான், பிழைப்புக்குக் கடல் தாண்டுவதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், போனவன் இரண்டு வருஷம் மூன்று வருஷம் கழித்துச் சட்டைத்துணியும் சவுக்காரமும் கற்கண்டும் கொண்டு திரும்பி வருவான், வந்து உட்காருவதற்குள் மறுபடியும் கிளம்புவான். அதனால் ஒவ்வொரு வீட்டிலும் மாப்பிள்ளைக்கென்று ஒரு நாற்காலி உண்டு, எங்கள் பேச்சில் குறிச்சி. அவன் இல்லாத நாளில் அதன்மேல் மடித்த துண்டு ஒன்று கிடக்கும், பூனை ஏறினாலும் விரட்டுவார்கள், பெண்கள் அதில் உட்காருவது என்ற பேச்சே கிடையாது. இன்னொன்றும் உண்டு. புறப்படுகிறவனைப் பார்த்து "போகாதீங்க" என்று எந்தப் பெண்ணும் சொல்ல மாட்டாள். சொன்னால் கப்பலுக்கு ஆகாது. "போயிட்டு வாங்க" என்றுதான் சொல்ல வேண்டும், அழுகை வந்தால் அடுக்களைக்குள் போய் வெங்காயம் உரிக்க வேண்டும்.

உம்முசல்மா வீட்டு நாற்காலி மற்ற வீட்டு நாற்காலிகளைப் போன்றதல்ல. அவளுடைய பாட்டனாருக்குப் பாட்டனார் சீனத்துக் காண்டன் துறைமுகத்திலிருந்து கொண்டுவந்தது, ஈட்டிமரத்தைவிடக் கறுத்த மரம், தட்டினால் பித்தளை போல ஓசை வரும். இரண்டு கையும் முதுகும் தனித்தனி அல்ல. வலக்கை ஓரத்தில் புறப்படும் கட்டை அப்படியே வளைந்து தோளுக்குப் பின்னால் சுற்றி இடக்கை ஓரத்தில் வந்து இறங்கும், ஐந்து துண்டு மரத்தைச் சேர்த்த வளைவு அது, எங்கே சேர்த்திருக்கிறது என்று விரலால் தடவினால் தெரியாது. முதுகுப் பலகை மனிதனுடைய தண்டெலும்பு போலவே உள்ளே குழிந்து வெளியே வளையும், அதில் ஒரே ஒரு சுருள்மேகம் செதுக்கியிருக்கும். இருக்கை பிரம்பு. உயரம் அதிகம்; காலைத் தரையில் வைக்க எட்டாது, முன்னால் குறுக்கே ஓடும் கட்டையில்தான் பாதத்தை வைக்க வேண்டும், ஐந்து தலைமுறைப் பாதங்கள் தேய்த்து அந்தக் கட்டை நடுவில் பள்ளம் விழுந்திருந்தது. அதில் சாய்ந்து சொகுசாகக் கிடக்க முடியாது. உட்கார்ந்தால் கவர்னர் மாதிரி நிமிர்ந்துதான் உட்கார வேண்டும்.

அந்த நாற்காலிக்கு ஒரு குணம் இருந்தது, அது முனகும். ஆவணிக் காற்று அடித்து மரம் உலர்ந்தால் கிறீச் என்னும், ஐப்பசி மழையில் வாயை மூடிக்கொள்ளும். உம்முசல்மாவின் மாப்பிள்ளை சாமு நெய்னா ஊரில் இருக்கும்போது முதல் மாதம் முனகல் கேட்காது, இரண்டாம் மாதம் எப்போதாவது கேட்கும், மூன்றாம் மாதம் அவன் காலாட்ட ஆரம்பித்தால் பொழுதுக்கும் கேட்கும், அந்தச் சத்தம் கேட்டுப் பத்தாம் நாள் அவன் பெட்டியைப் பரணிலிருந்து இறக்குவான். பத்தொன்பது வருஷமாக இப்படித்தான். மூத்தவள் ஜொஹராவை அவன் முதன்முதலில் பார்த்தபோது அவளுக்கு இரண்டரை வயது. அடுத்துப் பிறந்த ஆண்பிள்ளை பதினொரு நாள் இருந்து போய்விட்டது. தந்தி போய்ச் சேர்வதற்குள் மண்ணும் போட்டாயிற்று, அதன் முகத்தை அவன் பார்க்கவேயில்லை. உம்முசல்மா அதைப் பற்றி அவனிடம் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.

பதின்மூன்று வருஷம் கழித்து, முப்பத்தாறு வயதில், அவள் மறுபடியும் உண்டானாள். இந்தத் தடவை அவன் கையில் பிள்ளையைக் கொடுக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவளுக்கு ஆசை, வேறு எதையும் அவள் கேட்கவில்லை, கேட்கும் வழக்கமும் இல்லை. அவள் உண்டானதால் அவனும் அந்தத் தடவை வழக்கத்தைவிட நீளமாக ஊரில் தங்கியிருந்தான், நாற்காலியும் வாயை மூடிக்கொண்டிருந்தது; எட்டாம் மாதம் நடக்கும்போது அது முனக ஆரம்பித்தது. அவள் அடுக்களையில் நின்றுகொண்டு அந்தச் சத்தத்தை ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவன் பள்ளிக்குத் தொழப் போன நேரத்தில் கொம்பையா ஆசாரிக்கு ஆள் அனுப்பினாள்.

ஆசாரி நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், முகர்ந்துகூடப் பார்த்தார்.

"தாயி, இதுல ஆணிங்கிற பேச்சே கெடையாது. பசையும் கெடையாது. மரம் மரத்தப் புடிச்சிக்கிட்டு நிக்கி. மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும், அதுக்குன்னு கொஞ்சம் அசைய எடம் விட்டு வச்சிருக்கான் செஞ்சவன். அந்த அசைவுதான் சத்தம்."

"சத்தம் வரக் கூடாது ஆசாரி."

"இரும்ப எறக்கினா மரம் மூச்சு விடாது தாயி."

"எனக்குச் சத்தம் வரக் கூடாது. அம்புட்டுத்தான்."

வயிறும் பிள்ளையுமாக நிற்கிற பெண் கேட்டால் மறுக்க எங்கள் பக்கத்தில் ஒருவருக்கும் வாய் வராது. வலக்கை வளைவு முதுகோடு சேரும் இடத்தில் ஆசாரி ஆணியை வைத்தார், சுத்தியலால் மூன்று அடி, தலை உள்ளே போய்விட்டது, மேலே கரியும் மெழுகும் தேய்த்து மறைத்துவிட்டுக் கூலி வேண்டாம் என்று போய்விட்டார். சாமு நெய்னா திரும்பி வந்தான். உட்கார்ந்தான். முனகல் இல்லை. காலும் ஆடவில்லை. உம்முசல்மா அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லிவிட்டு உலையில் அரிசி போட்டாள், அரிசி கொதிப்பதற்குள் அவன் எழுந்துவிட்டான், எழுந்தவனால் மறுபடியும் உட்கார முடியவில்லை.

அவனால் மட்டுமல்ல. அன்று பிற்பகல் அசர் பாங்கு சொல்வதற்குள் ஊரில் ஒருவராலும் முடியவில்லை. முழங்கால் மடங்கும், இடுப்பு தாழும், தரைக்கு ஒரு சாண் இருக்கும்போது யாரோ வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல, அடுப்பில் பால் பொங்கி வழிவது போல, எங்கேயோ எதற்கோ உடனே போக வேண்டும் என்று உள்ளே ஒரு துடிப்பு எழும்பும், உடம்பு தானாக நிமிர்ந்துவிடும். படுக்கலாம், நிற்கலாம், நடக்கலாம், உட்கார மட்டும் கூடாது. நாற்காலிக்குள் அடங்கிக் கிடந்த தவிப்பை ஆணி வெளியே தள்ளிவிட்டது, அது தெருத்தெருவாகப் போய் ஆளுக்குக் கொஞ்சம் பங்கு வைத்துக்கொண்டது.

ஊர் முதல் இரண்டு நாள் அலறியது, மூன்றாம் நாள் பழகிக்கொண்டது. எங்களுக்கு எதுவும் மூன்று நாள்தான். டீக்கடை காசியப்பன் பெஞ்சுகளையெல்லாம் கடைக்குப் பின்னால் அடுக்கிவிட்டு, "இனிமே எவனும் ஒரு டீயக் குடிச்சிக்கிட்டு ஒம்பது மணிநேரம் குந்தியிருக்க மாட்டான்ல" என்று சந்தோஷப்பட்டான். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் முன்னால் நடக்கப் பிள்ளைகள் பின்னால் நடந்து கடற்கரையைச் சுற்றிச்சுற்றி வந்து வாய்ப்பாடு சொன்னார்கள். நாவிதர் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே சவரம் செய்தார், ஊரில் பாதிப் பேருக்குக் காதோரம் வெட்டுக்காயம். தொழுகையில் உட்கார வேண்டிய இருப்பு வரும் இடத்தில் என்ன செய்வது என்று இமாமிடம் கேட்டார்கள், நோயாளிக்கு உள்ள சலுகை உங்களுக்கும் உண்டு, சாடையால் செய்யுங்கள் என்று அவர் சொல்லிவிட்டு, தானும் நின்றுகொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். விருந்தென்றால் ஒரே பெரிய தட்டைச் சுற்றி ஐந்து பேர் உட்கார்ந்து கைபோட்டுச் சாப்பிடுவது எங்கள் வழக்கம். அந்தத் தட்டுகளை எண்ணெய்ப் பீப்பாய்களின்மேல் ஏற்றி வைத்து நின்றபடி சாப்பிட்டோம், பிரியாணி ருசியில் குறை ஒன்றுமில்லை, ஆனால் யாரும் பேசிக்கொள்ளவில்லை. காலைக்கடன் எப்படிக் கழிந்தது என்று மட்டும் கேட்காதீர்கள், கேட்டவர்களை எங்கள் ஊரில் இன்றுவரை மதிப்பதில்லை.

ஊருக்கு வெளியே இரண்டு மைலில் உப்பளத்துப் பாலம் இருக்கிறது. அதைத் தாண்டிவிட்டால் உட்கார முடிந்தது. அதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து சாயங்காலமானால் ஊரே பாலத்துக்கு அப்பால் போய் மணலில் உட்கார்ந்துகொண்டது, சும்மா உட்கார்ந்தது, உட்காருவதே ஒரு வேலை போல உட்கார்ந்தது, வீட்டுக்குள்ளே நாற்பது வருஷம் இருந்த பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உப்புக் குவியல்களைப் பார்த்தபடி உட்கார்ந்தார்கள். பிறகு இருட்டுவதற்கு முன் எழுந்து நடந்து ஊருக்குத் திரும்பினார்கள். திரும்பாதவர்கள் ஆண்கள். பாலம்வரை வந்துவிட்டோம், பஸ் நிற்கிறது, ஏறினால் உட்காரலாம் என்று ஏறினார்கள், ஏறியவர்கள் அப்படியே துறைமுகம் போய்ச் சேர்ந்தார்கள். ஒரு மாதத்துக்குள் எங்கள் தெருவில் மட்டும் இருபத்திரண்டு மாப்பிள்ளைகள் நேரத்துக்கு முன்பே சபர் போய்விட்டார்கள், இருபத்திரண்டு நாற்காலிகளில் துண்டு மடித்துப் போட்டாயிற்று. ஒருவனை நிறுத்த அடித்த ஆணி ஊரையே கிளப்பிவிட்டது.

ஆனால் சாமு நெய்னா போகவில்லை. வீட்டுக்குள்ளேயே நடந்தான். முன்வாசலிலிருந்து கிணற்றடி, கிணற்றடியிலிருந்து முன்வாசல், அவன் நடந்த தடத்தில் சிமெண்டுத் தரை பளபளத்தது. இரண்டு முறை பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினான், இரண்டு முறை உம்முசல்மாவின் வயிற்றைப் பார்த்துவிட்டுத் திருப்பி ஏற்றினான். அவளுக்குக் கால் வீங்கிப் பூசணிக்காய் ஆகிவிட்டது. நாள் முழுக்க நின்றாள், அல்லது படுத்தாள். இடையில் எதுவும் இல்லை.

முப்பதாம் நாள் கொம்பையா ஆசாரி ஆணி பிடுங்கும் குறட்டை மடியில் கட்டிக்கொண்டு கொல்லைப்பக்கம் வந்தார். அவரும் மெலிந்திருந்தார், உட்காராமல் ஒரு தச்சன் எப்படி வேலை செய்வான்?

"தாயி, புடுங்கிருவோம். ஊரு தாங்காது. நீயும் தாங்க மாட்ட."

"புள்ள பொறக்கட்டும் ஆசாரி. மறுநிமிஷம் புடுங்கிக்கிடுங்க."

"பாவமில்லையா?"

"பாவந்தான். பதினோரு நாள் ஒரு புள்ளய நான் மட்டும் பாத்தேன் ஆசாரி. அது எப்படி இருந்துச்சின்னு நான் சொல்லித்தான் அவங்களுக்குத் தெரியும். இந்தத் தடவ சொல்லிக் காட்ட என்னால ஆவாது."

ஆசாரி குறட்டை மறுபடி மடியில் கட்டிக்கொண்டு போனார்.

முப்பத்தேழாம் நாள் புதன்கிழமை விடியும்போது வலி எடுத்தது. மருத்துவச்சி சவேரியம்மாள் வந்தாள், நானூறு பிள்ளைகளை எடுத்த கை, அவளும் உட்கார முடியாமல் குனிந்தும் மண்டியிட்டும் பார்த்தாள். படுக்க வைத்தால் பிள்ளை மேலே ஏறிக்கொண்டது, நிற்க வைத்தால் தாய்க்குக் கால் நிற்கவில்லை. சுவரைப் பிடித்தாள், ஜொஹராவின் தோளைப் பிடித்தாள், தூணைப் பிடித்தாள். நடுப்பகல் லுஹர் பாங்கு சொல்லும்போது உம்முசல்மாவின் உதடு வெளுத்துவிட்டது.

"குத்தவச்சி உக்கார முடிஞ்சா ஒரு நாழியில எடுத்துருவேன்," என்றாள் சவேரியம்மாள். "இப்படியே போனா ரெண்டுல ஒண்ணுதான். எது வேணும்னு அந்த மனுசனக் கேட்டுச் சொல்லுங்க."

வண்டியில் ஏற்றிப் பாலத்துக்குக் கொண்டு போகலாமா என்று யாரோ கேட்டார்கள். அந்த ஆட்டத்தைத் தாங்காது என்று சவேரியம்மாள் கத்தினாள். அப்போதுதான் உம்முசல்மாவுக்கு விளங்கியது, கணவன் பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்று அவள் அடித்த ஆணிதான் பிள்ளை வருகிற வழியிலும் இறங்கியிருக்கிறது என்று. பாதி சாத்திய கதவுக்கு அப்பால் சாமு நெய்னா நடக்கிற காலடி கேட்டது. அவனுக்குக் கேட்கும்படியாகத்தான் அவள் சொன்னாள்.

"ஆசாரியக் கூப்பிடுங்க. குறிச்சியில ஆணி இருக்கு. நான்தான் அடிக்கச் சொன்னேன்."

காலடி நின்றது. முப்பத்தேழு நாளில் முதல் தடவையாக நின்றது.

ஆசாரி எதிர்த்தெருவில்தான் நின்றிருந்தார், அன்று அவருக்கு வேறெங்கும் போக மனம் வரவில்லை. கடற்காற்றில் ஆணி துருப்பிடித்து மரத்தோடு ஒட்டியிருந்தது, குறடு இரண்டு தரம் வழுக்கியது, மூன்றாம் தரம் சாமு நெய்னா நாற்காலியைக் கட்டிப் பிடித்துக்கொண்டான், ஆசாரி பல்லைக் கடித்து இழுத்தார், நாற்காலிக் கையின் வளைவில் மயிரிழைக் கீறல் ஒன்றை விட்டுவிட்டு ஆணி வெளியே வந்தது. நாற்காலி நீளமாக ஒருமுறை முனகியது. அவ்வளவுதான், ஊர் உட்கார்ந்தது. மீன் விற்றவள் கூடையோடு உட்கார்ந்தாள், வாத்தியாரும் அறுபது பிள்ளைகளும் ஈரமணலில் உட்கார்ந்தார்கள், காசியப்பன் தான் அடுக்கிவைத்த பெஞ்சின்மேலேயே ஏறி உட்கார்ந்தான், தண்ணீர் சுமந்து வந்தவர்கள் நடுத்தெருவில் குடத்தை இறக்கிவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தார்கள், மாடுகள் விலகிப் போயின, சிலர் அழுதார்கள்.

சவேரியம்மாள் மட்டும் உட்காரவில்லை. "அத உள்ள தூக்குங்க," என்றாள். பெண் உட்காரக் கூடாத நாற்காலி அது என்று ஒரு மாமி வாயெடுத்தாள், சவேரியம்மாள் பார்த்த பார்வையில் அந்த வாய் மூடிக்கொண்டது. உம்முசல்மாவைப் பிரம்பின் விளிம்பில் உட்கார வைத்தார்கள். முதுகுப் பலகை அவள் முதுகை உள்ளங்கை போல வாங்கிக்கொண்டது, சுற்றிவந்த கைக்கட்டையை அவள் இரண்டு பக்கமும் இறுகப் பற்றினாள், தேய்ந்த பள்ளத்தில் பாதங்களை ஊன்றினாள். எவனோ ஒரு சீனத்துத் தச்சன் எந்தப் பிரபு நிமிர்ந்து உட்காருவதற்காக இதைச் செய்தானோ, தெரியாது. பிள்ளை பெறுகிறவளுக்குப் பிடிக்கவும் உதைக்கவும் சாயவும் இதைவிடத் தோதாக ஒன்றை நாங்கள் பார்த்ததில்லை. சவேரியம்மாள் சொன்ன ஒரு நாழிகைகூட ஆகவில்லை. ஆண்பிள்ளை. "இன்னொரு சபர்காரன்" என்றார்கள் பெண்கள். சாமு நெய்னா உள்ளே வந்து இரண்டு கையாலும் பிள்ளையை வாங்கினான், வெகுநேரம் முகத்தையே பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"ஆணிய அடிச்சித்தானா என்னை நிப்பாட்டப் பாத்தே?"

"வாயால சொல்லக் கூடாதே மச்சான்."

அவன் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டான். அவனுக்குக் கோபமா வருத்தமா என்று அவளுக்குத் தெரியவில்லை, கேட்கவும் தெம்பில்லை. வியாழக்கிழமை முழுக்க அவன் அவளோடு பேசவில்லை. பெட்டி பரணிலிருந்து இறங்கியது, இந்தத் தடவை திரும்ப ஏறவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலக் கப்பல், காலையிலேயே கார் வந்து வாசலில் நின்றது. நாற்காலி அவள் கட்டில் பக்கத்திலேயே கிடந்தது, அதில் உட்கார்ந்து அவள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள், எழுந்திரு என்று அவளிடம் சொல்ல ஒருவருக்கும் துணிவில்லை. அவன் தொப்பியும் கோட்டுமாக வந்து நின்றான். அவள் "போயிட்டு வாங்க" என்று சொல்ல வேண்டும். அவன் அதற்காகத்தான் நின்றான். அவளுக்கு அந்தச் சொல் வரவில்லை. வேறொன்று வந்தது.

"மச்சான், ஒண்ணு கேக்கணும். பத்தொம்பது வருஷமா அங்க நீங்க எதுல உக்காந்து எங்கள நெனச்சீங்க? குறிச்சியா, பாயா? சன்னல் இருக்குமா பக்கத்துல? அத மட்டும் சொல்லுங்க. இனிமே நெனக்கும்போது நான் அதயும் சேத்து நெனச்சிக்கிடுவேன்."

சாமு நெய்னா யோசித்தான். நன்றாகவே யோசித்தான். வாசலில் கார்க்காரன் ஹாரன் அடித்தான்.

"உக்காரல புள்ள," என்றான். "கடையில நிக்கணும். காலையில ஆறு மணிக்கு நின்னா ராத்திரி பத்து மணி. முதலாளிக்கு முன்னால உக்காரக் கூடாது, சரக்குக்கு முன்னால உக்காரக் கூடாது. அப்புறம் படுக்க எடம், அதுவும் பத்து பேருக்கு நடுவுல. பத்தொம்பது வருஷமும் நின்னுக்கிட்டுத்தான் இருந்தேன். இந்தா, இதுல வந்துதான் உக்காருவேன். வந்து உக்காந்தா எந்திரின்னு யாரோ சொல்றாப்லயே இருக்கும். போகணும்னு இல்ல. உக்காரப் பழகல, அவ்வளவுதான்."

 முப்பத்தேழு நாளை ஊரே தாங்கவில்லை. உம்முசல்மா மெல்ல நாற்காலியிலிருந்து எழுந்தாள். அவன் கோட்டைப் பிடித்து இழுத்து அதில் உட்கார வைத்தாள், வெளுத்துப்போன அந்தக் கைகளில் எங்கிருந்து அவ்வளவு பலம் வந்ததோ. பால் குடித்து வாய் திறந்தபடி உறங்கிக்கொண்டிருந்த பிள்ளையை அவன் மடியில் கிடத்தி, அவன் கையை எடுத்து அதன் தலைக்கு அடியில் வைத்தாள். நாற்காலி கிறீச்சென்றது. அவன் உடம்பு எழுந்திருக்கப் பார்த்தது, தோள் முன்னால் வந்தது, மடியில் பிள்ளை முகத்தைச் சுளித்து மறுபடி உறங்கியது. வெளியே ஹாரன் இரண்டாம் தடவையும் மூன்றாம் தடவையும் அடித்தது.

"அசையாதீங்க மச்சான்," என்றாள் உம்முசல்மா. "இப்பத்தான் தூங்குது."